கோழிக்கறிமேல் வைரஸ் தெளிக்கலாமா? உயிரிப்படலமும் ஃபாஜும்

பாக்டீரியாவைக் கொல்ல வைரஸைப் பயன்படுத்துகிறார்கள், அதுவும் கோழிக்கறித் தொழிற்சாலையில் என்று செய்தி வந்தால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கறி வாங்குகிற யாருக்கும் முதலில் வருவது பயம்தான். கொரோனாவுக்குப் பிறகு வைரஸ் என்ற சொல்லே போதும், ஆள் ஒதுங்கிவிடுவார். இன்னொரு பக்கம், இதை எல்லா நோய்க்கும் மருந்தாகச் சொல்லி விற்க வருகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே சரியில்லை. பாக்டீரியாவைத் தாக்கும் இந்த வைரஸின் பெயர் ஃபாஜ். அது நல்ல கருவி. ஆனால் தன் தொழிற்சாலையில் எந்த பாக்டீரியா எந்த மூலையில் குடியிருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பவருக்குத்தான் அது உதவும். தெரியாதவர் கையில் அது விலை கூடிய தண்ணீர்.

இதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

2018 சொன்ன பாடம்

லிஸ்டீரியா என்ற பாக்டீரியா உணவு வழியாக உண்டாக்கும் நோய் லிஸ்டீரியோசிஸ். 2017-18ல் தென்னாப்பிரிக்காவில் பரவியதுதான் உலகில் இதுவரை பதிவான லிஸ்டீரியா பரவல்களிலேயே பெரியது. ஆய்வகத்தில் உறுதிசெய்யப்பட்ட நோயாளிகள் ஆயிரத்துக்கு மேல். இறந்தவர்கள் இருநூறுக்கு மேல். பாதிக்கப்பட்டவர்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் பிறந்து 28 நாள் ஆகாத பச்சிளங்குழந்தைகள். தாய் சாப்பிட்டது கருவிலிருந்த பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. இந்த ஒரு விவரத்துக்காகவே லிஸ்டீரியாவைச் சாதாரண வயிற்றுப்போக்குக் கிருமியாக நினைக்கக் கூடாது.

மூலத்தைக் கண்டுபிடித்த விதம் முக்கியம். 2018 ஜனவரியில் சொவேட்டோவின் கிறிஸ் ஹானி பராக்வனாத் மருத்துவமனைக்கு வயிற்றுக் கோளாறோடு ஒரே பகல்நேரக் காப்பகத்துக் குழந்தைகள் ஒன்பது பேர் வந்தார்கள். காப்பகத்தின் குளிர்பெட்டியில் பொலோனி என்ற பதப்படுத்திய இறைச்சிப் பண்டம் இருந்தது. குழந்தையின் மலத்தில் கிடைத்த லிஸ்டீரியாவும் பொலோனியில் கிடைத்த லிஸ்டீரியாவும் எஸ்டி6 என்ற ஒரே மரபு வகை. அங்கிருந்து தடம் பிடித்துப் போனதில் பொலோக்வானே நகரத் தொழிற்சாலை ஒன்றின் சூழலிலும் அதே வகை கிடைத்தது. மார்ச் 4 அன்று அப்போதைய சுகாதார அமைச்சர் ஆரன் மொட்சொலேடி அதை நாட்டுக்கு அறிவித்தார். மரபணு வரிசை பார்க்கப்பட்ட நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இந்த ஒரே வகைதான்.

பொலோனி வேகவைத்த பண்டம். வேகும் சூட்டில் லிஸ்டீரியா செத்துவிடும். அப்படியானால் கிருமி எங்கிருந்து வந்தது? இப்படிப்பட்ட பரவல்களில் வழக்கமான பதில்: வெந்த பிறகு பண்டம் தொட்ட இடங்களிலிருந்து. வெட்டும் கத்தி, உறை மாற்றும் மேசை, தரை வடிகால், குளிர் அறைச் சுவர். ஒரே மரபு வகை மாதக்கணக்கில் ஊர் ஊராக ஆட்களைப் படுக்க வைக்கிறது என்றால், அது தினமும் வெளியிலிருந்து புதிதாக உள்ளே வருவதாக நினைப்பதைவிட, உள்ளே எங்கோ நிரந்தரமாகக் குடியேறியிருக்கிறது என்று நினைப்பதுதான் பொருத்தம். அந்தக் குடியிருப்பைத்தான் உயிரிப்படலம் என்கிறோம்.

உயிரிப்படலம் என்பது என்ன?

பாக்டீரியா தனித்தனியாக மிதந்துகொண்டே இருப்பதில்லை. ஈரமான பரப்பு ஒன்று கிடைத்தால் ஒட்டிக்கொள்ளும், பெருகும், தன்னைச் சுற்றி ஒரு பசையைச் சுரக்கும். சர்க்கரைச் சங்கிலிகள், புரதம், செத்த செல்களிலிருந்து சிந்திய டிஎன்ஏ எல்லாம் சேர்ந்த பசை அது. காலையில் பல் துலக்குமுன் நாக்கில் தட்டுப்படும் வழவழப்பும் உயிரிப்படலம்தான். படலம் முற்றிய பிறகு அதிலிருந்து சில செல்கள் பிரிந்து புது இடம் தேடிப் போகும். தொழிற்சாலையில் அந்தப் புது இடம் அடுத்து வரும் கோழியாக இருக்கலாம்.

படலத்துக்குள் இருக்கிற பாக்டீரியாவைக் கொல்லுவது ஏன் கடினம்?

1. குளோரின் போன்ற மருந்து பசையோடு வினைபுரிந்து மேல் அடுக்கிலேயே தீர்ந்துபோகும். அடியில் இருப்பவற்றுக்கு மிச்சமே போவதில்லை.

2. அடி அடுக்கில் உணவும் ஆக்சிஜனும் குறைவு. அங்கே செல்கள் ஏறத்தாழத் தூங்குகின்றன. வளரும் செல்லைத் தாக்கும் மருந்துகள் தூங்கும் செல்லை அதிகம் தொடுவதில்லை.

3. பல இனங்கள் சேர்ந்து வாழ்கின்றன. கோழிக்கறியைக் கெடுக்கும் சூடோமோனாஸ் அடர்த்தியான பசை விடும். அதன் நடுவே லிஸ்டீரியா பாதுகாப்பாக உட்கார்ந்திருக்கும்.

4. குறைந்த அளவு மருந்தை நாள்தோறும் சந்திப்பதால் சில வகைகள் பழகிவிடுகின்றன. தொழிற்சாலைகளில் அதிகம் புழங்கும் குவாட்டர்னரி அம்மோனியக் கிருமிநாசினியை வெளியே தள்ளும் மரபணுக்கள் லிஸ்டீரியாவில் கண்டறியப்பட்டுள்ளன.

லிஸ்டீரியாவுக்குக் கூடுதலாக ஒரு திறமை உண்டு: குளிர்சாதனப் பெட்டிச் சூட்டிலும் மெதுவாக வளரும். மற்ற கிருமிகளை அடக்கத்தான் கறியைக் குளிரில் வைக்கிறோம். அந்தக் குளிரே லிஸ்டீரியாவுக்குப் போட்டியில்லாத இடத்தை அமைத்துக் கொடுக்கிறது.

கோழி வரிசையில் படலம் பிடிக்கும் இடங்கள்

டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் நடுவே ஹாமர்ஸ்டேல் பக்கம் போனால் கோழித் தொழில் எவ்வளவு பெரியது என்று தெரியும். எந்த ஊர்த் தொழிற்சாலையானாலும் உள்ளே வரிசை ஒன்றுதான். அறுத்த கோழி வெந்நீர்த் தொட்டியில் முங்கும். பிறகு இறகு பிடுங்கும் இயந்திரம், குடல் எடுக்கும் இடம், பனிக்குளிர் நீர்த் தொட்டி, துண்டு போடும் மேசை, உறையிடுதல்.

இறகு பிடுங்கும் இயந்திரத்தைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். சுழலும் தட்டுகளில் வரிசையாக ரப்பர் விரல்கள். விரல் நீளத்துக்கு, வரிவரியாக, புதிதாக இருக்கும்போது வளைந்து கொடுக்கும். ஆயிரக்கணக்கான கோழிகளை அடித்த பின் ரப்பரில் முடி அகலத்துக்கு வெடிப்பு விடும். அந்த வெடிப்புக்குள் கொழுப்பும் இறகுத் துணுக்கும் வெதுவெதுப்பான ஈரமும் சேரும். எந்தத் தூரிகையும் அதற்குள் நுழையாது. வேகமாகப் பாய்ச்சும் தண்ணீரும் மேலோடு போய்விடும். மருந்தை மாற்றுவதைவிட அந்த ரப்பர் விரலைக் காலத்தோடு மாற்றுவதே இங்கே பெரிய வைத்தியம்.

தென்னாப்பிரிக்காவில் உப்புநீர் ஊசி இயந்திரத்தையும் தனியாகச் சொல்ல வேண்டும். உறைந்த கோழித் துண்டுகளில் உப்புநீர் ஏற்றுவது இங்கே வழக்கம். 2016ல் வந்த விதிப்படி துண்டுகளில் 15 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. பல ஊசிகள் ஒரே நேரத்தில் கறிக்குள் இறங்குகின்றன. வழிந்த உப்புநீரை வடிகட்டித் திரும்பப் பயன்படுத்தும் இயந்திரங்களில், ஒரு துண்டின் மேற்பரப்பில் இருந்தது அடுத்த துண்டின் உள்ளுக்குள் போய்ச் சேர வழி இருக்கிறது. ஊசியின் உள்துளை, குழாய் மூட்டு, வடிகட்டி மூன்றும் படலத்துக்குப் பிடித்த இடங்கள்.

உயிர்க்கோழி வாங்கினால் இந்தத் தொல்லை இல்லையே என்று டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் சொல்பவர்கள் உண்டு. ஆடிக் கூழுக்கும், புரட்டாசி விரதம் முடிந்த பிறகும், அங்குள்ள பங்களாதேஷ் மார்க்கெட் என்ற சந்தையில் உயிர்க்கோழிக்குக் கூட்டம் சேரும். தொழிற்சாலைப் படலம் அந்தக் கோழியில் இல்லை என்பது சரிதான். ஆனால் சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் என்ற நோய்க்கிருமிகள் கோழியின் குடலிலேயே இருப்பவை. மரக்கட்டையில் வெட்டி, அதே கட்டையைப் பச்சைத் தண்ணீரில் அலசி வைத்தால், வீட்டிலேயே சின்னப் படலம் ஒன்றை வளர்க்கிறோம்.

ஃபாஜ் எப்படி வேலை செய்கிறது?

பாக்டீரியோஃபாஜ், சுருக்கமாக ஃபாஜ், பாக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸ். 1915ல் ஃபிரெடரிக் ட்வார்ட், 1917ல் ஃபெலிக்ஸ் டெரெல் இருவரும் தனித்தனியே இதைக் கண்டுபிடித்தார்கள். டெரெல் முதலில் சோதித்த இடங்களில் ஒன்று கோழிப்பண்ணைதான்: 1919 வாக்கில் பிரான்சில் கோழி டைபாய்டுக்கு எதிராக ஃபாஜைக் கொடுத்துப் பார்த்தார். கோழிக்கும் ஃபாஜுக்கும் உள்ள உறவு பென்சிலினைவிடப் பழையது.

நடப்பது இதுதான். ஃபாஜ் தனக்குரிய பாக்டீரியாவின் மேல்தோலில் குறிப்பிட்ட ஒரு மூலக்கூறைக் கண்டால் ஒட்டும். தன் மரபணுவை உள்ளே செலுத்தும். உள்ளே நூறு வரை, சில சமயம் அதற்கும் மேல், புதிய ஃபாஜ்கள் உருவாகும். கடைசியில் எண்டோலைசின் என்ற நொதி செல்சுவரை உடைக்க, செல் வெடித்து எல்லாம் வெளியே வரும்.

உயிரிப்படலத்தைப் பொறுத்தவரை ஃபாஜுக்கு இன்னொரு ஆயுதம் உண்டு. சில ஃபாஜ்களின் வால் நுனியில் பசையின் சர்க்கரைச் சங்கிலியை அறுக்கும் டிபாலிமரேஸ் என்ற நொதி இருக்கிறது. கிருமிநாசினி பசையில் மாட்டித் தீர்ந்துபோகும் இடத்தில், இந்த ஃபாஜ் பசையை அறுத்துக்கொண்டு உள்ளே போகும். உலோகத்தை அரிப்பதில்லை, கறியின் நிறத்தையும் ருசியையும் மாற்றுவதில்லை.

எல்லா ஃபாஜும் ஆகாது. உள்ளே போனதும் வெடிக்க வைக்காமல், பாக்டீரியாவின் மரபணுவோடு ஒட்டிக்கொண்டு தங்கிவிடும் வகையும் உண்டு. காலராவின் நச்சையும் டிஃப்தீரியாவின் நச்சையும் அந்தந்த பாக்டீரியாவுக்குக் கொடுத்தவை அப்படிப்பட்ட ஃபாஜ்கள்தான். ஆகவே உணவில் பயன்படுத்தும் ஃபாஜ் கட்டாயம் கொல்லும் வகையாக மட்டுமே இருக்க வேண்டும்; அதன் முழு மரபணு வரிசையும் படிக்கப்பட்டு, நச்சு மரபணு இல்லை என்று உறுதியாகியிருக்க வேண்டும். இதில் சலுகையே கூடாது.

மனிதருக்கு ஆபத்தா? மனித செல்லில் ஃபாஜ் ஒட்டுவதற்கான இடமே இல்லை. கடல் நீரில் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு கோடி அளவில் வைரஸ்கள் இருக்கின்றன, அவற்றில் பெரும்பாலானவை ஃபாஜ்கள். தயிரிலும் பச்சைக் காய்கறியிலும் நம் குடலிலும் ஏற்கெனவே ஃபாஜ் உண்டு. ஃபாஜைவிட, அதை வளர்த்தெடுத்த பாக்டீரியாவின் மிச்சம் ஒழுங்காக நீக்கப்பட்டதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

எண்ணிக்கையில்தான் சூட்சுமம்

விற்பவர்கள் அதிகம் சொல்லும் வாக்கியம்: "ஃபாஜ் தானே பெருகும், கொஞ்சம் போட்டால் போதும்." கறித் தொழிற்சாலையில் இது பெரும்பாலும் நடக்காது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஃபாஜ் நீந்தாது. திரவத்தில் தற்செயலாக அலைந்து பாக்டீரியா மேல் மோதினால்தான் உண்டு. இந்த மோதலின் வேகத்துக்கு ஆய்வகங்களில் எடுத்துக்கொள்ளும் அளவு, தோராயமாக, நிமிடத்துக்கு ஒரு மில்லிலிட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு.

1. ஒரு மில்லிலிட்டரில் பத்துக் கோடி ஃபாஜ் இருந்தால், ஒரு பாக்டீரியாவை ஒரு ஃபாஜ் சந்திக்கச் சராசரியாகப் பத்து நிமிடம் ஆகும்.

2. அதே இடத்தில் பத்தாயிரம் ஃபாஜ் மட்டும் இருந்தால், ஒரு லட்சம் நிமிடம். அதாவது ஏறத்தாழ 69 நாள்.

சுத்தம் செய்த மேசையில் பாக்டீரியா குறைவாகத்தான் இருக்கும். அவற்றைத் தேடிப் பெருகிப் பரவ ஃபாஜுக்கு வாய்ப்பில்லை. குளிர் அறையில் பாக்டீரியாவே மந்தமாக இருப்பதால் பெருக்கம் இன்னும் குறையும். ஆகவே முதல் தடவையிலேயே ஒவ்வொரு செல்லையும் சந்திக்கிற அளவுக்கு அடர்த்தியாகத் தெளிக்க வேண்டும், பரப்பு காயாமலும் இருக்க வேண்டும். காய்ந்த எஃகில் ஃபாஜ் எங்கும் நகராது.

அடுத்த கணக்கு. 99 சதவீதம் கொல்லும் என்பது பெரிய விஷயமாகத் தெரியும். ஒரு வடிகால் மூடியில் ஒரு கோடி செல் இருந்தால், 99 சதவீதம் போன பிறகும் ஒரு லட்சம் மிச்சம். ஆனால் தேய்த்துக் கழுவி அதை முன்கூட்டியே பத்தாயிரமாகக் குறைத்திருந்தால் மிச்சம் நூறு. ஃபாஜின் திறமை அதேதான்; விளைவைத் தீர்மானித்தது அதற்கு முந்தைய தூரிகை.

எங்கே தடுக்கி விழுகிறது?

முதல் தடை, ஒவ்வொரு ஃபாஜுக்கும் தாக்க முடிந்த வகைகள் குறைவு என்பது. சால்மொனெல்லாவில் மட்டும் 2,500க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. ஒரு வகையைக் கொல்லும் ஃபாஜ் இன்னொன்றைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால்தான் பல ஃபாஜ்களைக் கலந்து கலவையாக விற்கிறார்கள். அந்தக் கலவை வெளிநாட்டுப் பாக்டீரியாவை வைத்துத் தேர்ந்தெடுத்ததாக இருக்கும். நம் வடிகாலில் இருப்பதை அது தொடுமா என்று, அந்த வடிகாலிலிருந்து எடுத்த பாக்டீரியாவின் மேல் சோதித்தால்தான் தெரியும். எஸ்டி6ஐ அடையாளம் கண்ட அதே வகையான ஆய்வகத் திறமை இங்கேயும் தேவைப்படுகிறது.

இரண்டாவது, முற்றிய படலம். ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவை வைத்து 2018ல் வெளியான ஓர் ஆய்வு, படலம் முற்றியதும் கர்லி என்ற புரத நார்கள் ஃபாஜை வெளியிலேயே மடக்கிப் பிடித்துவிடுகின்றன என்று காட்டியது. சால்மொனெல்லாவும் கர்லி நார் உண்டாக்குகிறது. இளம் படலத்தில் நன்றாக வேலை செய்யும் ஃபாஜ், பல வாரம் ஊறிய படலத்தில் தோற்கலாம்.

மூன்றாவது, எதிர்ப்பு. ஃபாஜ் ஒட்டும் மூலக்கூறை மாற்றிக்கொண்ட பாக்டீரியா தப்பித்துவிடும். ஒரே ஃபாஜை ஒரே இடத்தில் வருடம் முழுக்கத் தெளித்தால் அப்படித் தப்பியவற்றைத்தான் வளர்த்துக்கொண்டிருப்போம்.

நான்காவது மிகச் சாதாரணமானது, அதிகம் மறக்கப்படுவதும் இதுதான்: கிருமிநாசினி ஃபாஜையும் கொல்லும். குளோரினோ பெராசிட்டிக் அமிலமோ பரப்பில் மிச்சம் இருக்கும்போது ஃபாஜைத் தெளித்தால் காசு வடிகாலில் போகும். வரிசை இப்படி இருக்க வேண்டும்: கொழுப்பையும் கறித் துணுக்கையும் எடுத்து, சோப்புக் கரைசலால் தேய்த்து, அலசி, கிருமிநாசினி போட்டு, அதையும் நன்றாக அலசி, அப்புறம் ஃபாஜ். இரவு வேலை முறைக்கு இதற்கான நேரம் ஒதுக்காத மேலாளர் ஃபாஜ் வாங்க வேண்டாம்.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2006 ஆகஸ்டில், லிஸ்டீரியாவுக்கு எதிரான ஆறு ஃபாஜ்களின் கலவையைச் சமைத்த இறைச்சி, கோழிப் பண்டங்களின் மேல் உறையிடுவதற்குச் சற்று முன் தெளிக்க அனுமதித்தது. அதே காலத்தில் நெதர்லாந்து நிறுவனம் ஒன்றின் பி100 என்ற ஒற்றை ஃபாஜும் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. ஐரோப்பா நிதானமாகவே நடந்தது. அங்கே விலங்குகளிலிருந்து கிடைக்கும் உணவின் பரப்பிலிருந்து கிருமியை நீக்கக் குடிநீரைத் தவிர வேறெதைப் பயன்படுத்தினாலும் தனி அனுமதி வேண்டும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009ல் வெளியிட்ட கருத்து முக்கியமான ஒன்றைத் தொட்டது: ஒருமுறை தெளித்த ஃபாஜ், பின்னால் மறுபடி வந்து ஒட்டும் கிருமியிலிருந்து பண்டத்தைக் காக்குமா என்று முடிவு சொல்ல முடியவில்லை என்றது. அழுக்கை மறைக்க ஃபாஜ் உதவிவிடக் கூடாது என்ற ஐரோப்பியக் கவலை நியாயமானது என்றே நினைக்கிறேன்.

தென்னாப்பிரிக்காவில் சிக்கல் வேறு. அறுப்புக்கூடம் 2000ஆம் ஆண்டின் இறைச்சிப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வேளாண்மைத் துறையிடம். கடைக்கு வரும் உணவு 1972ஆம் ஆண்டின் உணவு, அழகுப்பொருள், கிருமிநாசினிச் சட்டத்தின்கீழ் சுகாதாரத் துறையிடம். லிஸ்டீரியா பரவலுக்குப் பிறகு, 2018 ஜூனில், அப்படியே சாப்பிடும் பதப்படுத்திய இறைச்சிக்கும் அபாயப் புள்ளிகளைக் கண்டறிந்து கட்டுப்படுத்தும் ஹாசெப் முறையைக் கட்டாயமாக்கும் விதி வெளியானது. இப்போது ஒரு ஃபாஜ் திரவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வடிகாலில் ஊற்றினால் அது கிருமிநாசினி போல. உரித்த கோழி மேல் தெளித்தால் பதப்படுத்தும் பொருள் போல. பொலோனி மேல் தெளித்தால் உணவுச் சேர்க்கை போல. பொருள் ஒன்றுதான், கேட்க வேண்டிய வாசல்கள் வெவ்வேறு.

சோதனையே ஏமாறும் இடம்

தொழிற்சாலை சுத்தமா என்று பார்ப்பது எப்படி? ஈரப் பஞ்சால் பரப்பைத் தேய்த்து, அதை ஊட்டக் கரைசலில் போட்டு, ஒன்றிரண்டு நாள் வளரவிட்டு லிஸ்டீரியா இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஃபாஜ் தெளித்த பரப்பில் தேய்த்தால் பஞ்சோடு ஃபாஜும் கரைசலுக்குள் வரும். அங்கே நல்ல சூடு, நல்ல உணவு, வேகமாக வளரும் பாக்டீரியா: ஃபாஜுக்குப் பிடித்த சூழல். பரப்பில் தப்பித்து உயிரோடிருந்த லிஸ்டீரியாவைச் சோதனைக் குழாய்க்குள் கொன்றுவிடும். அறிக்கையில் "இல்லை" என்று வரும். வடிகாலில் இருக்கும்.

இதைத் தவிர்க்க வழிகள் உண்டு.

1. ஃபாஜ் தெளிப்பதற்கு முன்பே, சுத்தம் முடிந்தவுடன் ஒருமுறை பஞ்சு எடுப்பது.

2. தெளித்த பிறகு எடுக்கும் மாதிரியில் ஃபாஜைச் செயலிழக்கச் செய்யவோ வடித்து நீக்கவோ ஆய்வகம் ஏற்பாடு செய்வது.

3. கிடைத்த ஒவ்வொரு லிஸ்டீரியாவையும் வகை பிரித்து, பயன்படுத்தும் ஃபாஜ் அதை இன்னும் கொல்கிறதா என்று மறுபடி மறுபடி பார்ப்பது.

மூன்றாவதுக்குச் செலவு அதிகம், ஆள் தேவை. 2018ல் குழந்தைகளின் மாதிரியையும் பொலோனியையும் தொழிற்சாலையையும் இணைத்தது அந்த வேலைதான். ஃபாஜ் வாங்குவதற்குப் பணம் ஒதுக்கும் தொழிற்சாலை, அதே கணக்கில் இந்த ஆய்வகச் செலவையும் எழுதியிருக்கிறதா என்று பரிசோதகர் கேட்க வேண்டும். எழுதவில்லை என்றால் அந்தத் தொழிற்சாலைக்கு ஃபாஜ் அனுமதி கொடுக்கக் கூடாது.